பால்மரம் வெட்டப் பழகிய பையன்: 120 மரங்களின் கணக்கு

போன மாதம் பால் எடுக்கப் பட்டை வெட்டிய ரப்பர் மரங்களில் ஒன்றில்கூடப் புதுக் காயம் இல்லை. ஊசி வைத்துப் பார்த்தாகிவிட்டது. அம்மாவும் கண்ணாடி போட்டுக்கொண்டு நிரை நிரையாக நடந்து, கோடு கோடாகத் தடவிப் பார்த்துவிட்டார். சரி, இனி எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

பால் வெட்டுவது பற்றி யூடியூப்பில் மலாயில் காணொளிகள் கொட்டிக் கிடக்கின்றன. அவற்றில் வெட்டுகிறவர்கள் எல்லாரும் கை பழகியவர்கள். உளி வழுக்கிக்கொண்டு போகும். புதிதாகப் பிடிக்கும் பதினேழு வயசுக் கை எங்கே தடுக்கும், எதனால் தடுக்கும் என்பது அதில் தெரியாது. எனக்கு வேண்டியிருந்தது அதுதான். கிடைக்கவில்லை. அதனால் எங்களுக்கு நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

அம்மா பெயரில் மலேசியாவின் பேராக்கில், சுங்கை சிப்புட்டுக்கு வெளியே இரண்டு ஏக்கர் இருக்கிறது. டவுனிலிருந்து மோட்டார் சைக்கிளில் கால் மணி நேரம். ஒரு காலத்தில் இந்த வட்டாரம் முழுக்கக் கித்தா, அதாவது ரப்பர், காடு. இப்போது நாலு பக்கமும் செம்பனை (எண்ணெய்ப் பனை). பால்மரம் வைத்திருப்பவர்கள் எங்களைப் போல இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர்க்காரர்கள்தான். எங்கள் மரங்களுக்கு வயசு பதின்மூன்று இருக்கும். முன்பு பங்குக்கு வெட்டியவர் பட்டையை எலும்பு வரை, அதாவது உள்ளே இருக்கும் கட்டை வரை, குடைந்துவிட்டு, விலை விழுந்த சமயத்தில் வராமலே நின்றுவிட்டார். அவர் வெட்டிய பக்கம் புதுப்பட்டை முண்டு முண்டாக வளர்ந்திருக்கிறது. அதில் மறுபடி உளி ஓடாது. நல்லவேளை, அவர் ஒவ்வொரு மரத்திலும் ஒரு பாதியைத்தான் கெடுத்திருந்தார். மறுபாதி உளியே படாத கன்னிப்பட்டை.

அக்கா மகன் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தான். டவுனில் ஏதாவது பேரங்காடியில் சேரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவனை, "வாடா, பாட்டி நிலத்தைத் திறந்து பார்ப்போம்" என்று கூப்பிட்டேன். செலவு என்னுடையது, விற்றதில் பாதி அவனுக்கு. அவன் பிறந்தது வளர்ந்தது எல்லாம் டவுன் தாமானில் (குடியிருப்பில்). பால்மரத்தை அவன் கிட்டே நின்று பார்த்தது பள்ளிச் சுற்றுலாவில் ஒரு முறைதானாம். கோலகங்சாரில் மாவட்ட அலுவலகம் பக்கத்தில் வேலி போட்டு நிற்கிறதே, 1877-இல் நட்ட கன்றுகளில் மிஞ்சிய மரம், அதுதான். அந்த மரத்தை யாரும் வெட்டுவதில்லை, ஆகவே அதிலிருந்து அவன் கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்கவில்லை.

நாங்கள் ஆரம்பித்தது மாசி மாதம். மரம் இலை கொட்டி நிற்கும் சமயம். இலை கொட்டித் துளிர்த்து, துளிர் முற்றும்வரை வெட்டக்கூடாது. மரம் இலைக்குச் செலவழிக்கும் நேரத்தில் பாலையும் கறந்தால் மரம் இளைத்துப்போகும். ஆக, உளி பிடிக்காமல் செய்யக்கூடிய வேலைகளுக்கு எங்களுக்கு முழுதாக இரண்டு மாதம் இருந்தது.

முதலில் புல். லாலாங் இடுப்பளவு நின்றது. புல்வெட்டும் மெஷினை நண்பரிடம் இரவல் வாங்கினோம். இதில் ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: மெஷினில் நைலான் கயிறு போட்டு மரத்தடி வரை போனால் அடிப்பட்டை உரிந்துவிடும். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் பாராங் கத்தியால்தான் வெட்ட வேண்டும். பையன் இதைச் செய்து முடித்தபோது உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். நின்றுவிடுவான் என்று நினைத்தேன். கையுறை வாங்கி வரச் சொன்னான், அவ்வளவுதான்.

அப்புறம் தையல்காரர் டேப்பை எடுத்துக்கொண்டு மரங்களை அளந்தோம். ஒட்டுக்கட்டிய மரத்தில் ஒட்டுக்கு மேலே 150 செ.மீ. உயரத்தில் சுற்றளவு 50 செ.மீ. இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் தொடக்கூடாது. நிற்கிற முந்நூற்றுச் சொச்சம் மரங்களில் பெரும்பாலானவை 65, 70 என்று நன்றாகவே தேறின. ஓரத்தில், செம்பனை நிழலில் நின்றவை மட்டும் 45-ஐத் தாண்டவில்லை. தேறியவற்றில் பாதை ஓரமாக இருந்த 120 மரங்களை மட்டும் எடுத்துக்கொண்டோம். அம்மா எஸ்டேட்டில் வெட்டிய காலத்தில் ஒருவருக்கு ஐந்நூறு மரம் வரை உண்டு. 120 என்றதும் சிரித்தார். ஆனால் பழகுகிற கைக்கு அதுவே ஒரு காலைப் பொழுதை முழுங்கிவிட்டது.

இனி உளிக்கு வருகிறேன். இந்தப் பதிவில் முக்கால்வாசி இதைப் பற்றித்தான் எழுத வேண்டும், ஏனென்றால் எங்கள் நேரம் போனது இதில்தான்.

ஹார்ட்வேர் கடையில் ஜெபோங் என்கிற பால்வெட்டு உளி 28 வெள்ளி (ரிங்கிட்). வாங்கும்போது அதற்கு வாய் இருக்காது, வெறும் மடித்த இரும்புதான். நாம்தான் கூர் ஏற்ற வேண்டும். பையன் ஏதோ காணொளியைப் பார்த்துவிட்டு, என் பட்டறையிலிருந்த கிரைண்டரில் அரை நிமிஷத்தில் முடித்துவிடலாம் என்று வைத்தான். தீப்பொறி பறந்தது, வாயும் வந்தது, கூடவே விளிம்பு நீலமாக மாறியது. அந்த நீலம் வந்தால் இரும்பின் உரம் போய்விட்டது என்று அர்த்தம். நாலு மரம் வெட்டுவதற்குள் மழுங்கிவிடும். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நெருப்புப் பட்ட உளிப்பா, இதை வெச்சுத் தேங்காய் நாரு உரி" என்றார். இன்னொரு 28 வெள்ளி.

இரண்டாவது உளிக்குக் கல்தான். ஒரு தட்டையான கல், 15 வெள்ளி. உட்புறத்துக்கு விளிம்பு உருண்ட மெல்லிய கல், 9 வெள்ளி. உளியின் வாய் மடிப்பாக இருக்கிறது இல்லையா, அந்த இரண்டு கன்னங்களையும் வெளிப்பக்கமாகத் தட்டைக் கல்லில் தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். சாய்வு மாறவே கூடாது. உட்புறக் கல் எதற்கென்றால், தேய்க்கும்போது உள்ளே மடிந்து நிற்கும் பிசிரை எடுப்பதற்கு மட்டும். அதை வைத்து அழுத்தித் தேய்த்தால் வாய் கோணலாகிவிடும்.

எல்லாச் சங்கடமும் அந்த மடிப்பின் மூலையில் இருக்கிறது. இரண்டு கன்னமும் கூராக இருந்து, அவை சேரும் மூலையில் மட்டும் ஒரு கடுகளவு இரும்பு தேயாமல் நின்றால் போதும், வெட்டும்போது பட்டை சீவப்படாமல் பிய்யும். பையனின் உளி பார்வைக்குப் பளபளவென்று இருந்தது, மயிரைக்கூட மழித்தது, ஆனாலும் பட்டை பிய்ந்தது. அம்மா உளியை மல்லாத்தி, தலைவிளக்கை அதன் மேல் பிடித்துக் காட்டினார். கன்னங்கள் இரண்டிலும் விளிம்பே தெரியவில்லை. மூலையில் மட்டும் ஊசிமுனை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி மின்னியது. கூரான விளிம்பில் வெளிச்சம் நிற்காது. மின்னுகிற இடம் மொட்டை. அந்தப் புள்ளி மறையும்வரை தேய்க்கச் சொன்னார். அது மறைய ஒரு மாலைப் பொழுது பிடித்தது. அதன் பிறகு வேலைக்குப் போகும் முன் தினமும் பத்து நிமிஷம் கல்லில் போட்டால் போதும் என்று ஆகிவிட்டது.

கோடு போடுவதற்கு அச்சு செய்தோம். அரைச்சுற்றுக் கோடு, 30 டிகிரி சரிவு. பழைய பிஸ்கட் டின்னின் தகரத்தை வெட்டி, 150 செ.மீ. நீள மெரந்தி மரச் சட்டத்தின் தலையில் ஆணியடித்தோம். 30 டிகிரிக்குப் பையன் தன் ஜியோமெட்ரி பெட்டியிலிருந்து பாகைமானியை எடுத்தான். பிறகு அவனே, "மாமா, எழுபது சென்டி மரத்துக்குப் பாதி முப்பத்தஞ்சு. அதுல டான் முப்பது போட்டா இருபது சென்டி இறக்கம்" என்று மூன்றாம் படிவக் கணக்கை எடுத்துவிட்டான். சரியாக வந்தது. கோட்டின் நீளம் 40 செ.மீ. சுற்றளவைச் சணல் கயிற்றால் அளந்து, கயிற்றை இரண்டாக மடித்தால் பாதி கிடைத்துவிடும். முன்னால் ஒரு நெடுங்கோடு, பின்னால் ஒரு நெடுங்கோடு, நடுவில் அச்சை ஒற்றி ஆணியால் கீறினால் முடிந்தது.

முதல் அச்சைத் தகரம் தலைகீழாக அடித்திருந்தான். கோடு வலப்பக்கம் ஏறியது. மூன்று நான்கு மரத்தில் கீறிய பிறகுதான் அம்மா பார்த்தார். கோடு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்க வேண்டும். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் நேராக நிற்பதில்லை, வலப்பக்கம் மேல்நோக்கி லேசாகச் சாய்ந்து ஓடுகின்றன. இடமிருந்து வலமாக இறக்கி வெட்டினால் அதிகக் குழாய் அறுபடும். ஆணியால் கீறியதோடு நின்றதால் நஷ்டம் இல்லை.

பழகுவதற்கு உயிருள்ள நல்ல மரத்தைக் கொடுக்க எனக்கு மனசில்லை. காற்றில் விழுந்த மரத்தின் துண்டு ஒன்றைக் கம்பத்தில் நிறுத்திக் கட்டிப் பார்த்தோம். இரண்டு நாளில் பட்டை காய்ந்து கட்டையாகிவிட்டது. பிறகுதான் பால் வற்றிய மரங்கள் நினைவுக்கு வந்தன. எங்கள் நிலத்தில் ஒரு பத்துப் பதினைந்து இருக்கின்றன, கோடு போட்டாலும் சொட்டுப் பால் வராது, பட்டைக்குள் பழுப்பேறிக் கிடக்கும். அவை கெட்டாலும் கவலையில்லை. பங்குனி முழுக்கப் பையன் அவற்றில் வெட்டினான். சரிவு பழகியது, சீவல் ஒரே கனத்தில் வரப் பழகியது. ஆழம் மட்டும் பழகவே இல்லை. காரணம் வெளிப்படை: பால் வந்தால்தானே போதுமான ஆழம் எது என்று கைக்குத் தெரியும்? வராத மரத்தில் ஆழமாகப் போனாலும் ஒன்றுதான், மேலோட்டமாகப் போனாலும் ஒன்றுதான். சித்திரையில் நல்ல மரத்தைத் திறந்த முதல் வாரமே அது தெரிந்துபோனது. பாதி மரத்தில் பால் நூல் மாதிரி வந்தது, மீதியில் மரத்தின் வெள்ளை எலும்பே தெரிந்தது.

இங்கே ஆழத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கன்னிப்பட்டை எங்கள் மரங்களில் 7, 8 மி.மீ. கனம். பால் குழாய்கள் நெருக்கமாக இருப்பது உட்பட்டையில், மரத்தை ஒட்டினாற்போல. அதற்கும் கட்டைக்கும் நடுவில் வழவழவென்று ஒரு மெல்லிய படலம். புதுப்பட்டை வளர்வது அதிலிருந்துதான். அதைத் தொட்டுவிட்டால் காயம். ஆகவே அந்தப் படலத்துக்கு மேலே ஒன்று முதல் ஒன்றரை மி.மீ. பட்டையை விட்டுவிட்டு வெட்ட வேண்டும். விட்டது இரண்டரை என்றால் பால் குறையும். அரை என்றால் மரம் போய்விடும்.

அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்ல அம்மாவால் முடியும், எங்களால் முடியாது. அதற்காக ஒரு ஊசி அளவி செய்தோம். சாக்குத் தைக்கும் ஊசியில் மெல்லியதாக ஒன்று, பென்சில் அழிப்பான் ஒன்று. அழிப்பானை ஊசியில் கோத்து, வெட்டிய கோட்டில் ஊசியைக் குத்தினால் கட்டையில் தட்டி நிற்கும். அழிப்பான் பட்டையின் மேல் உட்கார்ந்திருக்கும். அப்படியே பிடுங்கி, வெளியே நீட்டிய முனையை ஸ்கேலில் வைத்துப் படிக்க வேண்டும். செலவு 1 வெள்ளி 20 காசு. ஒவ்வொரு மரத்திலும் மூன்று இடம்: தொடக்கம், நடு, கோட்டின் முடிவில் பால் வடியும் பீலிக்கு மேலே. பள்ளி நோட்டில் கட்டம் போட்டு எழுதினோம்.

நோட்டைப் பார்த்தபோது ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. தொடக்கத்தில் 2, நடுவில் ஒன்றரை, பீலிக்கு மேலே அரை அல்லது பூஜ்யம். கிட்டத்தட்ட எல்லா மரத்திலும் இதே வரிசைதான். காயம் எல்லாம் கோட்டின் கடைசி நாலு விரல்கடை நீளத்தில். நான் உளியைச் சந்தேகித்தேன், பையன் தலைவிளக்கின் நிழலைச் சந்தேகித்தான். விளக்கை மாற்றினோம், 35 வெள்ளி. ஒன்றும் மாறவில்லை.

அம்மா ஒரு காலையில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வரச் சொல்லி, நிரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். உளியைப் பார்க்கவே இல்லை. பையனின் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இவன் மரத்துக்கு நேராக இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு, தோளையும் மணிக்கட்டையும் மட்டும் திருப்பிக் கோட்டை முடித்துக்கொண்டிருந்தான். கோடு மரத்தைச் சுற்றிப் போகிறது, இவன் நின்ற இடத்திலேயே நிற்கிறான். கடைசியில் கை எட்டாமல் மணிக்கட்டு மடிகிறது, உளியின் மூக்கு உள்ளே குத்துகிறது. "கையால வெட்டாதய்யா, காலால வெட்டு" என்றார். பிறகு ஒரு குச்சியால் தரையில் மரத்தைச் சுற்றி வளைவாக ஒரு கோடு கிழித்து, அதன் மேல் அடி வைத்து நகர்ந்துகொண்டே இழுக்கச் சொன்னார். முழங்கை விலாவை விட்டு நகரக்கூடாது. உளி இருக்கும் இடத்துக்கு உடம்பு போக வேண்டும்.

அன்றைக்கு வேகம் பாதியாகக் குறைந்தது. பால் வடிந்து மங்கு (பால் பிடிக்கும் கிண்ணம்) நிறைவதற்குள் வெயில் வந்துவிட்டது. பால் வெட்டுக்கு விடியலுக்கு முந்தைய குளிர்தான் நேரம், மரத்துக்குள் நீர் அழுத்தம் அப்போது அதிகம், வெயில் ஏற ஏறக் குறைந்துவிடும். ஆனால் நோட்டில் கடைசிக் கட்டத்தில் ஒன்று, ஒன்றேகால் என்று எண்கள் ஏறத் தொடங்கின. அதுதான் வழி என்று அப்போதே தெரிந்துவிட்டது. வேகம் தானாக வந்தது.

ஆழம் சரியானதும் சீவலின் கனத்தைக் கவனித்தோம். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். மரத்தடியில் விழும் சீவல்களில் பத்தைப் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஸ்கேலில் வைத்தால், வரும் எண்ணை பத்தால் வகுத்துக்கொள்ள வேண்டியதுதான். பையனுடையது 26 மி.மீ. வந்தது, அதாவது ஒரு வெட்டுக்கு 2.6. இருக்க வேண்டியது ஒன்றரை. நாள் விட்டு நாள் வெட்டினால் மாதம் பதினைந்து வெட்டு, ஒன்றரை மேனிக்கு மாதம் இரண்டேகால் சென்டிமீட்டர் பட்டை இறங்கும். இலை கொட்டும் காலத்தைக் கழித்தால் வருஷத்துக்கு 25-க்கு மேல் போகாது. 150-இலிருந்து அடிவரை இறங்க ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகும். 2.6 மேனிக்கு வெட்டினால் மூன்றரை வருஷத்தில் பட்டை தீர்ந்துவிடும். கனமாகச் சீவினால் பால் கூட வருமென்று பையனுக்கு ஒரு நினைப்பு. வராது. பால் வருவது குழாய் வாய் திறப்பதால், காய்ந்த முனையை எடுத்தால் போதும். சிங்கப்பூர் தாவரத் தோட்டத்துக்கு 1888-இல் பொறுப்பேற்ற ரிட்லி செய்துகாட்டியதும் இதைத்தான்: மரத்தைக் கோடாரியால் கொத்தாமல், அதே காயத்தை மெல்லியதாகச் சீவிச் சீவித் திறந்தால் மரமும் நிற்கும், பாலும் வரும். இன்றுவரை வேலை அதேதான்.

பத்துச் சீவல் 15 மி.மீ. வரும் நாளுக்கு ஒரு தட்டு ரோஜாக் வாங்கித் தருவதாகப் பந்தயம் வைத்தேன். வைகாசி நடுவில் தோற்றேன்.

அந்தச் சமயத்தில்தான் மழை பிடித்தது. எங்கள் பக்கம் மழை பிற்பகலில் கொட்டும், மரம் மறுநாள் காலைவரை ஈரமாக நிற்கும். ஈரப்பட்டையில் வெட்டினால் பால் கோட்டோடு ஓடாமல் மரம் முழுக்கப் பரவி வழியும், மங்குக்கு வராது. வாரத்தில் இரண்டு வெட்டு போய்விட்டது. கோட்டுக்கு மேலே மரத்தைச் சுற்றி பிளாஸ்டிக் பாவாடை கட்டினால் தண்ணீர் வெளியே வழியும் என்பது தெரிந்ததுதான். சிக்கனத்துக்காக முதலில் வெறும் பிளாஸ்டிக்கை ஸ்டேப்பிள் அடித்தோம். பட்டையின் பள்ளம் மேட்டில் புகுந்து தண்ணீர் உள்ளேயே இறங்கியது. அடுத்து இருபது மரத்துக்கு மட்டும், பட்டையைச் சுரண்டிச் சமப்படுத்தி, தார்ப் பசையைத் தடவி அதன் மேல் பிளாஸ்டிக்கை ஒட்டி ஸ்டேப்பிள் அடித்தோம். அந்த இருபதும் கனமழையிலும் காய்ந்தே இருந்தன. ஒரு மரத்துக்கு ஒன்றரை வெள்ளி ஆகிறது.

பாலாகச் சேர்த்து விற்கும் வசதி எங்களுக்கு இல்லை. மங்கிலேயே உறையவிட்டு, இரண்டு வெட்டுக்கு ஒரு முறை கட்டிப்பாலாக எடுத்தோம். அமிலம் ஊற்றவில்லை, மரத்தடியில் தானாகவே ஒரே நாளில் உறைந்துவிடுகிறது. நாற்றம்தான் தாங்காது. சாக்கை மோட்டாரில் கட்டிக்கொண்டு டவுன் வழியாகப் போகும்போது சிவப்பு விளக்கில் நின்றால் பக்கத்து வண்டிகள் எல்லாம் விலகி நிற்கும். பையனுக்கு ஆரம்பத்தில் அது பெரிய வெட்கம், ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொள்வான்.

விற்பதற்கு நிலத்தின் பெயரில் கித்தா விற்பனை அனுமதி அட்டை வேண்டும், அது அம்மாவிடம் இருந்தது. கடையில் ஈரத்துக்குக் கழிப்பார்கள். ஈரமாக விற்பது லாபமா, காயவைத்து விற்பது லாபமா என்று பையன் சோதித்துப் பார்த்தான். 60 கிலோவை எடுத்த அன்றே கொண்டுபோனோம், கிலோ 2.60 மேனிக்கு 156 வெள்ளி. அடுத்த தடவை இன்னொரு 60 கிலோவை மூங்கில் தட்டியில் ஐந்து நாள் தண்ணீர் வடியப் போட்டோம். 48 கிலோவாக இறங்கியது, கிலோ 3.30 கிடைத்தது, 158 வெள்ளி 40 காசு. இரண்டரை வெள்ளிக்காக ஐந்து நாள் நாற்றம். ஆனாலும் காயவைத்தே விற்கிறோம், பாரம் குறைகிறது, கழிவு என்று கடையில் வாதாட வேண்டியதில்லை. மோட்டார் சீட்டும் நனைவதில்லை.

செலவைச் சொல்லிவிடுகிறேன். மங்கு 80 காசு, பீலி 20, கம்பி 10, மரத்துக்கு 1 வெள்ளி 10 ஆக 120 மரத்துக்கு 132. உளி இரண்டு 56, கற்கள் 24, தலைவிளக்கு 35, ரப்பர் பூட்ஸ் 30. மொத்தம் 277. மழைப் பாவாடைக்கு இருபது மரத்துக்கு 30. கொசுச் சுருள், பெட்ரோல் தனி. வரவு, மழை இல்லாத மாதத்தில் ஈர எடையில் நூறு கிலோவுக்குக் கிட்டே, 260 வெள்ளி போல. அதில் பாதி பையனுக்கு. இது பிழைப்பு ஆகாது, 120 மரத்தில் ஆகவும் முடியாது. அவன் கையில் இப்போது உள்ள வேகத்துக்கு இருநூற்றைம்பது மரம் தாராளமாக வெட்டுவான். மீதி மரங்களையும் திறந்தால் கணக்கு வேறாகும்.

மறுபடி ஒருவருக்குச் சொல்லிக் கொடுத்தால் வரிசையை மாற்றுவேன். உளி வாங்கிய அன்றே கிரைண்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கல்லில் உட்கார வைப்பேன். வற்றிய மரத்தில் ஒரு வாரம் போதும், ஒரு மாதம் தண்டம். கால் நகர்வதை அங்கேயே, உளி இல்லாமல், வெறும் குச்சியைப் பிடித்துக்கொண்டே பழக்கியிருக்கலாம். ஊசி அளவியை முதல் வெட்டிலிருந்தே வைத்திருந்தால் இருபது முப்பது மரங்களின் பீலி ஓரம் தப்பியிருக்கும். அந்தக் காயங்கள் ஆறுகின்றன, ஆனால் அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டாகத்தான் வரும். இன்னொன்று: 150 செ.மீ. உயரத்துக் கோடு பையனுக்குத் தோளுக்கு நேராக இருந்தது, சரியாகப் போயிற்று. குள்ளமான கைக்கு அது கஷ்டம். அவன் தங்கையும் கல்லில் உட்கார்ந்து தீட்டிப் பார்க்கிறாள், அவளுக்கு இந்தக் கோடு இன்னும் எட்டாது.

பையனுக்கு ஈப்போவில் பாலிடெக்னிக் கிடைத்திருக்கிறது. வெள்ளி இரவு பஸ்ஸில் வந்து சனிக்கிழமை வெட்டுவதாகச் சொல்கிறான். பாதையை ஒட்டிய 40 மரத்தை அவனுக்கென்று வைத்திருக்கிறோம், வாரம் ஒரு வெட்டு. மற்ற 80-ஐப் பக்கத்து நிலத்து அண்ணன் பங்குக்குக் கேட்டார். அவர் கெட்டிக்காரர், ஒரு காலையில் முந்நூறு மரம் முடிப்பவர். முதலில் எல்லா மரத்துக்கும் பாவாடை கட்டிவிட வேண்டும், அந்தச் செலவு எங்களுடையது. வெட்டுகிற உளியை அம்மாவிடம் காட்டிவிட்டுத்தான் நிரையில் இறங்க வேண்டும். மாதக் கடைசியில் ஊசி வைப்போம், பட்டை இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தால் பங்கு முறிந்தது. நோட்டைக் காட்டி இதையெல்லாம் சொன்னது பையன்தான். அண்ணன் அந்த அழிப்பான் கோத்த ஊசியை வாங்கித் தன் நிலத்து மரத்தில் குத்திப் பார்த்தார், ஸ்கேலைக் கேட்டார், கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சரி, திங்கக்கிழமை வரேன்" என்றார்.